கழல மறுத்த பிளைவீல்

புதுச்சேரிப் பக்கம் கிருமாம்பாக்கத்தில் பட்டறை போட்டிருக்கும் எனக்குக் காலையில் வருவது பெரும்பாலும் வயல்காட்டு இன்ஜின், மாலையில் வருவது கடல் இன்ஜின். கடலூர் சாலைக்கு மேற்கே பாகூர் ஏரிப் பாசனம். கிழக்கே சில கிலோமீட்டர் போனால் பனித்திட்டு, நரம்பை, மூர்த்திகுப்பம், புதுக்குப்பம், மணப்பட்டு என்று வரிசையாகக் கடலோர ஊர்கள். நெல் விளைகிற மண்ணும் உப்புக் காற்றும் இவ்வளவு நெருக்கமாக இருக்கிற இடத்தில் இரும்பு என்ன பாடுபடும் என்று இரும்போடு பழகியவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு பக்கத்து ஆட்களும் வண்டியை விட்டு இறங்கியதும் சொல்வது ஒரே வார்த்தை: "கழல மாட்டேங்குது."

எங்கள் தொழிலில் பாதி இந்தக் கழலாததைக் கழற்றுவதுதான். பூட்டுவது சுலபம். புதுப் பாகம் கையில் இருந்தால், அளவு சரியாக இருந்தால், ஒரு மணி நேரத்தில் பூட்டி எண்ணெய் விட்டு ஓட்டிக் காட்டிவிடலாம். அந்த ஒரு மணி நேர வேலைக்கு வந்து சேர்வதற்குள் நாள்கணக்கில் போராட வேண்டியிருக்கும். கூலி பேசும்போது அது யார் கண்ணிலும் படாது.

நான் தொழில் கற்றது வில்லியனூரில். என் மேஸ்திரி தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் ஓடு வேய்ந்த பட்டறை வைத்திருந்தார். மின்மோட்டார் எல்லா வயலுக்கும் வந்து சேராத காலம் அது. சங்கராபரணி ஆற்றோரத்து நிலங்களிலும் பாகூர்ப் பக்கத்திலும் தண்ணீர் இறைத்தது ஆயில் இன்ஜின்தான். இரண்டு பக்கமும் பிளைவீல் என்கிற பெரிய சக்கரம் வைத்து, நிமிஷத்துக்கு 650 சுற்று சுற்றி, அடிவயிற்றிலிருந்து சத்தம் போடும் ஒற்றை சிலிண்டர் இன்ஜின். இங்கிலாந்தில் டர்ஸ்லி என்கிற ஊரில் லிஸ்டர் கம்பெனி 1930-ஐ ஒட்டிக் கொண்டுவந்த வார்ப்பு. அந்தக் கம்பெனி 1987-ல் நிறுத்திவிட்டது. அதே வார்ப்பை ராஜ்கோட்காரர்கள் தொடர்ந்து செய்துகொண்டிருந்தார்கள். நம் ஊரில் ஓடியதில் பெரும்பங்கு அந்த ராஜ்கோட் இன்ஜின்களே.

அந்த இன்ஜினில் சக்கரத்தைக் கிராங்க் என்கிற சுழல் தண்டோடு பிணைப்பது தலை வைத்த ஒரு கீ. நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில் இழைத்த எஃகுத் துண்டு. மண்வெட்டியில் காம்பு ஆடாமல் இருக்க ஆப்பு அடிக்கிறோமே, அதே வேலைதான். அடிக்க அடிக்க இறுகும். வருஷக்கணக்கில் துருவும் ஏறிவிட்டால் பிறகு அது கீ இல்லை, சக்கரத்தின் ஒரு பகுதி. புதிதாக வருகிற பையன்கள் எல்லோரும் முதலில் செய்வது கீயின் தலையில் பக்கவாட்டில் அடிப்பது. தலை முறிந்து கையில் வரும், உடம்பு உள்ளே நிற்கும். அதற்கப்புறம் துளை போட்டுத் துளை போட்டுக் குடைந்து எடுக்க வேண்டியதுதான்.

மேஸ்திரி கற்றுத் தந்த முறை வேறு. கீயின் தலைக்கும் சக்கரத்தின் மையத்துக்கும் நடுவே இரண்டு மெல்லிய எஃகு ஆப்புகளை எதிரெதிராகச் செருகி, இரண்டையும் மாற்றி மாற்றிச் சிறு அடியாக அடிக்க வேண்டும். தலைக்கு வருகிற இழுப்பு நேராக வரும், வளைக்காது. அப்படியும் வரவில்லையென்றால் கீயை விட்டுவிட்டுச் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். உள்பக்கம் இடம் இருந்தால் சக்கரத்தை இன்ஜினை நோக்கி ஒரு நூல் அளவு தள்ளினாலே போதும், சரிவின் பிடி விட்டுப்போய்க் கீ விரலால் இழுத்தால்கூட வந்துவிடும். கீ வரவில்லை என்று எல்லோரும் கீயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது மேஸ்திரி மறுபக்கம் போய் நின்று மரக்கட்டை வைத்து ஒரு தட்டுத் தட்டுவார். அந்த மனிதரிடம் நான் கற்ற முதல் பாடம் அது: எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று முதலில் கண்டுபிடி. பிடி எங்கே இருக்கிறதோ அங்கேதான் கை வைக்க வேண்டும்.

கடல் இன்ஜின் என் வாழ்க்கைக்குள் வந்தது அதற்குப் பிறகு. நம் கரையில் கட்டுமரம் காலங்காலமாகத் துடுப்பிலும் பாயிலும் ஓடியது. அலை உடைகிற திறந்த கரையில், துறைமுகம் எதுவும் இல்லாமல், மணலில் ஏற்றி இறக்குகிற படகுக்கு இன்ஜின் வைப்பது பெரிய சிக்கல். கரைக்கு வரும்போது படகைத் தள்ளுகிற விசிறி மணலில் மாட்டும். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 1979-ல் சென்னையைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம் இதற்குத்தான் ஒரு வழி தேடியது. இன்ஜினையும் தண்டையும் ஒரே பெட்டியில் வைத்து, கரை நெருங்கும்போது மொத்தத்தையும் சாய்த்து விசிறியை மேலே தூக்குகிற அமைப்பை 1980-களில் உருவாக்கினார்கள். காற்றால் குளிரும் சின்ன டீசல் இன்ஜின் அதற்குத் தோதாக இருந்தது. தண்ணீர்க் குழாய் வேண்டாம், மணல் புகுந்து அடைக்காது. பிறகு ஃபைபர் படகு பரவியபோது, நீண்ட தண்டை நீருக்குள் நீட்டிச் சாய்க்கிற இன்ஜின் நம் பக்கமெல்லாம் வழக்கமாகிவிட்டது. எந்தக் கம்பெனி செய்திருந்தாலும் அதற்குக் கரையில் ஒரே பெயர், லம்பார்டினி. இத்தாலியில் ரெஜியோ எமிலியா ஊரில் 1933-ல் தொடங்கிய கம்பெனியின் பெயர் அது. நம் நாட்டில் கிரீவ்ஸ் கம்பெனி அவர்களோடு சேர்ந்து செய்தது. அதே குடும்பத்து இன்ஜின்தான் பின்னாளில் மூன்று சக்கரச் சரக்கு ஆட்டோக்களிலும் ஏறியது. பல சின்னப் பாகங்கள் ஆட்டோ ஸ்பேர் கடைகளில் கிடைத்ததால் மீனவருக்கும் எங்களுக்கும் அது பெரிய உதவியாக இருந்தது.

பழைய இன்ஜினுக்கு எல்லாப் பாகமும் அப்படிக் கிடைக்காது. குறிப்பாகப் பிளைவீல்.

பனித்திட்டுக்காரர் ஒருவர் தன் மகனோடு ஒரு பழைய லம்பார்டினியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஃபைபர் படகு வந்த புதிதில் அவர் வாங்கியது. மகன் இப்போது வேறு இன்ஜினில் தொழிலுக்குப் போகிறான். பழையது மாற்று இன்ஜினாக வீட்டுக் கொட்டகையில் இருந்தது. ஓடும், ஆனால் பிளைவீல் பக்கம் ஆயில் ஒழுகுகிறது. எனக்குப் பார்த்தவுடன் தெரிந்தது, கிராங்க் சீல் போய்விட்டது. சீல் என்பது உள்ளங்கைக்குள் அடங்கும் ரப்பர் வளையம், விலையும் பெரிதில்லை. ஆனால் அது பிளைவீலுக்குப் பின்னால் இருக்கிறது. பிளைவீலை எடுக்காமல் சீலைத் தொட முடியாது.

இந்த இன்ஜினில் பிளைவீலே காற்று விசிறியும்கூட. வார்ப்பிரும்புச் சக்கரத்தின் முகத்தில் மெல்லிய இறக்கைகள் இருக்கும். அவைதான் காற்றை வாரி சிலிண்டர் மேல் அடிக்கும். சக்கரத்தின் நடுத்துளை சரிவாகக் கடையப்பட்டு, அதே சரிவுள்ள கிராங்க் நுனியில் ஏறி உட்கார்ந்திருக்கும். முன்னால் ஒரு பெரிய நட்டு. உள்ளே அரைநிலா வடிவில் சின்னக் கீ, அது இடம் காட்டத்தான். சக்கரத்தைச் சுற்ற வைக்கிற பிடி முழுவதும் அந்தச் சரிவின் உராய்வில் இருக்கிறது.

சுற்றுக் கவசத்தைக் கழற்றிப் பார்த்தேன். எனக்கு முன்னால் யாரோ முயன்றிருக்கிறார்கள். ஒரு இறக்கை முறிந்திருந்தது. நட்டின் மூலைகள் மழுங்கியிருந்தன. கிராங்க் நுனியில் சம்மட்டித் தடம்.

"அண்ணே, கேஸ் கட்டிங் போட்டு அறுத்துப் போட்டுடலாம்ணே. வேற பிளைவீல் வாங்கிக்கலாம்" என்றான் மகன். இளரத்தம், அடுத்த நாள் கடலுக்குப் போகிற அவசரம்.

"எங்கடா கிடைக்கும் இது?" என்றார் தகப்பனார். என் பக்கம் திரும்பி, "மேஸ்திரி, நீங்க பொறுமையாவே பாருங்க. எத்தினி நாள் ஆனாலும் சரி" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வேண்டியிருந்தது. இறுகிய பாகத்தோடு வேலை செய்கிறவனுக்கு எந்தக் கருவியைவிடவும் முதலில் தேவைப்படுவது அவகாசம். கடல் தொழிலில் இன்ஜின் நின்ற ஒவ்வொரு நாளும் வருமானம் போகிற நாள். அதனால் படகுக்காரர் நம் தோளுக்குப் பின்னால் நின்று அவசரப்படுத்துவார். அவர்மேல் தப்பில்லை. அந்த அவசரத்துக்கு மெக்கானிக் இணங்கிவிட்டால் சம்மட்டி மேலே எழும்பும். அப்படி எழும்பிய சம்மட்டியால் உடைந்த எத்தனையோ பாகங்களை நான் பார்த்துவிட்டேன்.

முதல் வேலை சுத்தம் செய்வது. உப்பும் துருவும் பழைய கிரீஸும் சேர்ந்து கெட்டியாகி இருக்கும். கம்பி பிரஷ் போட்டு டீசலால் கழுவி, கிராங்க் நுனியில் நட்டுக்கு வெளியே தெரிகிற மரைகளைத் துடைத்துப் பார்க்க வேண்டும். மரை எந்தப் பக்கம் ஏறுகிறது? சுற்றுகிற வேகத்தில் தானாகக் கழலாமல் இருக்க, சில இன்ஜின்களில் இந்த நட்டு இடது மரையாக இருக்கும். வழக்கப்படி இடப்பக்கம் திருப்பினால் அது இறுகும், இன்னும் பலமாகத் திருப்பினால் கிராங்க் நுனியே முறியும். இரண்டு நிமிஷம் உற்றுப் பார்த்தால் தெரிகிற விஷயம் இது. ஒரு இன்ஜினின் ஆயுளே அதில் இருக்கிறது.

மழுங்கிய நட்டுக்கு ரிங் ஸ்பேனர் பிடிக்காது. மூலைகளை அரத்தால் சீராக்கி, அதற்குச் சரியாக இறங்குகிற பாக்ஸ் ஸ்பேனரைப் போட்டேன். சக்கரம் சுற்றாமல் பிடிக்க இறக்கைகளுக்கு நடுவே ஸ்க்ரூடிரைவர் சொருகுவது இந்தத் தொழிலில் நடக்கிற பெரிய பாவம். இறக்கை ஒன்று உடைந்தால் சக்கரத்தின் சமன் போகும், இன்ஜின் உதறும், பேரிங் போகும். சக்கர மையத்தில் புல்லர் என்கிற இழுப்புக் கருவியை மாட்டுவதற்காகவே மரை ஓட்டைகள் இருக்கின்றன. அதில் ஒரு நீளப் பட்டையை போல்ட் போட்டு இறுக்கி, பட்டையின் மறுமுனையைத் தரையில் ஊன்றிவிட்டால் சக்கரம் அசையாது.

நட்டு இளகியதும் அதை முழுதாகக் கழற்றிவிடக் கூடாது. இரண்டு சுற்றுத் தளர்த்தி, கிராங்க் நுனியோடு சமமாக நிற்கிற மாதிரி விட்டுவிட வேண்டும். இதற்கு இரண்டு காரணம். புல்லர் அழுத்துகிற பலத்தில் மரை சிதையாமல் நட்டு காக்கும். இன்னொன்று, சரிவில் இறுகிய சக்கரம் விடும்போது மெல்ல விடாது, துப்பாக்கி வெடித்த மாதிரி தெறித்து வரும். அதைத் தாங்கி நிறுத்த நட்டு அங்கே இருக்க வேண்டும். புல்லர் இறுகி நிற்கும்போது அதற்கு நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாது என்று என் பட்டறைப் பையன்களுக்கு நான் தினமும் சொல்வேன்.

இனி உண்மையான எதிரி. சரிவு ஏன் இப்படிப் பிடிக்கிறது? பத்துக்கு ஒன்று என்ற சரிவை எடுத்துக்கொண்டால், பக்கவாட்டில் அதன் சாய்வு மூன்று டிகிரிக்கும் குறைவு. இரும்பு இரும்பின்மேல் எண்ணெய் இல்லாமல் உட்கார்ந்தால் எட்டு டிகிரி சாய்வு வரைகூட வழுக்காது. ஆகவே நட்டை முழுதாக எடுத்துவிட்டாலும் சக்கரம் அங்கேயே நிற்கும். அதன்மேல் துரு சேர்கிறது. துரு என்பது இரும்பைத் தின்றுவிட்டு அந்த இடத்தில் இன்னும் அதிகமாக நிரம்புகிற பொருள். தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்கு, சில சமயம் ஆறு மடங்கு வரை இடம் பிடிக்கும். மூடிய இடத்துக்குள் அது வளர்ந்தால் வெளியேற வழியில்லாமல் இரண்டு பக்கமும் நெருக்கும். கடல் காற்றில் இருக்கிற உப்பு ஈரத்தை விடாமல் இழுத்து வைத்துக்கொள்வதால் அந்த வேலை நிற்பதே இல்லை.

ஆகவே மூன்று வழிதான். துருவுக்குள் எண்ணெயை இறக்குவது, அதிர வைத்து அதை உதிர்ப்பது, வெளியே இருப்பதைச் சூடாக்கி விரிய வைப்பது. இவற்றை எந்த வரிசையில், எவ்வளவு, எவ்வளவு இடைவெளி விட்டுச் செய்வது என்பதில்தான் ஒரு மெக்கானிக்குக்கும் இன்னொருவருக்கும் வித்தியாசம்.

எண்ணெய்க்கு மேஸ்திரி காலத்தில் மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து விடுவோம். இப்போது எல்லாக் கடையிலும் டபிள்யூடி-40 டப்பா கிடைக்கிறது. அமெரிக்காவில் சான் டியேகோவில் 1953-ல் அட்லஸ் ஏவுகணையின் உடம்பு ஈரத்தில் துருப்பிடிக்காமல் இருப்பதற்காகச் செய்த கலவை அது. நாற்பதாவது முயற்சியில் சரியாக வந்ததால் அந்த எண். ஈரத்தைத் துரத்துவதில் அது நல்ல சரக்கு. ஆழமாக இறங்க வேண்டிய இடத்தில் நான் கியர்பாக்ஸ் ஏ.டி.எஃப். ஆயிலும் அசிட்டோனும் சம அளவு கலந்துதான் விடுகிறேன். அசிட்டோன் எண்ணெயை இளக்கி நூலிழை இடைவெளிக்குள்ளும் இழுத்துப் போய்விட்டுத் தான் ஆவியாகிவிடும். ஆனால் அது பெட்ரோலைப் போலத் தீப்பிடிக்கிற பொருள். அது காய்ந்து போகும் முன் பக்கத்தில் டார்ச் பற்ற வைக்கக் கூடாது.

இன்ஜினைப் படுக்க வைத்து, பிளைவீல் மேலே பார்க்கிற மாதிரி நிறுத்தினேன். எண்ணெய் கீழே இறங்கப் புவியீர்ப்பும் உதவட்டும் என்று. கிராங்க் நுனியைச் சுற்றிக் களிமண்ணால் சின்ன வரப்புக் கட்டி அதற்குள் கலவையை ஊற்றி, ஆவியாகாமல் மூடி வைத்தேன். மகன் அன்றைக்குப் போய்விட்டான். தகப்பனார் உட்கார்ந்திருந்தார்.

சாதாரண மூன்று கால் புல்லரைச் சக்கரத்தின் விளிம்பில் மாட்டி இழுப்பவர்கள் உண்டு. வார்ப்பிரும்பு நெருக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. விளிம்பில் இழுத்தால் சக்கரம் குடை மாதிரி வளையப் பார்த்து வெடித்துவிடும். மையத்தை மட்டும் பிடித்து இழுக்கிற புல்லர் வேண்டும். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் எனக்குத் தெரிந்த லேத்துக்காரரிடம் கனமான எம்.எஸ். தகட்டில் ஒன்று செய்து வாங்கினேன். நடுவில் சன்னமான மரை உள்ள பெரிய போல்ட், சுற்றிலும் சக்கர மையத்து ஓட்டைகளுக்குப் பொருந்துகிற போல்ட்டுகள். அவை சாதாரண போல்ட்டாக இருக்கக் கூடாது, தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்த உறுதியான ரகமாக இருக்க வேண்டும். எல்லா போல்ட்டும் மரை ஓட்டையில் முழு ஆழம் இறங்கியிருக்க வேண்டும். நான்கு மரையில் மட்டும் பிடித்து இழுத்தால் மரையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வரும். அப்புறம் அந்தச் சக்கரத்தைப் பிடிக்க இடமே இருக்காது.

புல்லரை இறுக்கினேன். கை சொல்லும், இதற்குமேல் போனால் ஏதாவது ஒன்று முறியும் என்று. அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தி, நடு போல்ட்டின் தலையில் செம்புச் சுத்தியால் ஒரு தட்டு. சத்தத்தைக் கவனித்தேன். இறுகியிருக்கும்போது மணி மாதிரி ஒலிக்கும், இளக ஆரம்பித்தால் சத்தம் மட்டமாகும். அது மணியாகத்தான் ஒலித்தது. ஒரு கனமான சுத்தியைச் சக்கர மையத்தின் ஒரு பக்கம் முட்டுக் கொடுத்துப் பிடித்து, எதிர்ப்பக்கத்தில் சின்னச் சுத்தியால் அடித்துக்கொண்டே சுற்றி வந்தேன். முட்டுக் கொடுக்காமல் அடித்தால் அடி முழுவதும் பேரிங்குக்குப் போகும். முட்டுக் கொடுத்தால் மையத்து வளையம் ஒரு கணம் நீள்வட்டமாக நெளிந்து திரும்பும். துரு நொறுங்குவது அந்த நெளிவில்தான். எண்ணெய் உள்ளே இறங்குவதும் அதில்தான்.

இதைச் செய்துவிட்டு விட்டுவிட வேண்டும். மாலையில் ஒரு தரம், காலையில் ஒரு தரம் புல்லரைக் கொஞ்சம் கூட்டுவது, மறுபடி எண்ணெய், மறுபடி தட்டுவது. நடுவில் வேறு வேலையைப் பார்ப்பது. இழுப்பில் நிற்கிற இரும்பு நாம் தூங்கும்போதும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

அப்படியும் வராததால் சூட்டுக்குப் போனேன். கணக்கு எளிது. 40 மில்லிமீட்டர் துளையுள்ள வார்ப்பிரும்பை 100 டிகிரி சூடாக்கினால் துளை சுமார் 0.04 மில்லிமீட்டர் விரியும். ஒன்றுமே இல்லை என்று தோன்றும். துருவின் பிடியை உடைக்க அதற்கு மேல் தேவையில்லை. ஆனால் வெளிச் சக்கரம் மட்டும் சூடாக வேண்டும், உள்ளே இருக்கிற கிராங்க் சூடாகிவிட்டால் இரண்டும் சேர்ந்து விரிந்து பழையபடி இறுகி நிற்கும். எனவே மெதுவாகக் காட்டுகிற சின்னத் தீ உதவாது. பெரிய தீயை, வேகமாக, மையத்தைச் சுற்றி ஓரிடத்தில் நிற்காமல் சுழற்ற வேண்டும். கிராங்க் நுனியில் ஈரத்துணி. பின்னால் அலுமினியப் பாகங்கள் இருப்பதால் அங்கே நனைத்த சாக்கு. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், உருகுவதற்கு முன் இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்காது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரிந்துவிடும். சக்கரத்தின் மையத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். சொட்டு உட்கார்ந்து கொதித்தால் இன்னும் வேண்டும், துள்ளி ஓடினால் போதும். வார்ப்பிரும்பைச் சிவக்கவிடக் கூடாது. சூட்டோடு தண்ணீரை ஊற்றவும் கூடாது, வெடிக்கும். சொட்டு வேறு, ஊற்றுவது வேறு.

துள்ளி ஓடியதும் தீயை நகர்த்திவிட்டு, ஸ்பேனரில் கால் சுற்று, நடு போல்ட்டில் ஒரே ஒரு அடி.

பட்டறை முழுக்கக் கேட்கிற வெடிச் சத்தம். சக்கரம் நட்டில் வந்து முட்டி நின்றது. தகப்பனார் எழுந்து வந்து இரண்டு கையாலும் சக்கரத்தைத் தொடப் போனார், சூடு என்று தடுத்தேன்.

கழன்ற பிறகு உள்ளே பார்ப்பது முக்கியமான வேலை, பலரும் தாண்டிப்போகிற வேலை. கிராங்க் சரிவில் காப்பித்தூள் நிறத்தில் ஒரு பட்டை ஓடியிருந்தது. இரண்டு முகமும் முழுதாகப் படியாமல், இன்ஜின் அதிரும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு உரசி உரசி வருகிற பொடி அது. எப்போதோ நட்டைப் போதிய அளவு இறுக்காமல் ஓட்டியிருக்கிறார்கள். வால்வுக்குப் போடுகிற கிரைண்டிங் பேஸ்ட்டில் சன்ன ரகத்தைத் தடவி, சக்கரத்தைக் கையால் அரைச்சுற்று அரைச்சுற்றாகத் திருப்பிப் படிய வைத்தேன். பிறகு நீலச் சாயம் தடவி ஏற்றி எடுத்துப் பார்த்தேன். சாயம் பரவலாக, சுற்றிலும் ஒட்டியிருந்தது. புதுச் சீல், புது அரைநிலாக் கீ. சரிவைத் துடைத்துச் சுத்தமாக, கிரீஸ் போடாமல் ஏற்றினேன். கிரீஸ் போட்டால் அடுத்த தரம் சுலபமாக வரும் என்று சிலர் நினைக்கிறார்கள். சரிவு பிடிப்பதே உராய்வால்தான். கிரீஸ் போட்டால் சக்கரம் வழுக்கிக் கீயை வெட்டிவிடும். நட்டின் மரைக்கு மட்டும் ஒரு துளி ஆயில். டார்க் ரெஞ்சில் கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்கினேன், அதற்குக் குறையவும் இல்லை, கூடவும் இல்லை.

முறிந்திருந்த இறக்கைக்கு எதிர்ப்பக்கத்து இறக்கையை அதே அளவு தேய்த்துச் சமன் செய்தேன். இன்ஜின் உதறாமல் ஓடியது.

பிளைவீலைவிடப் பிடிவாதமான ஒன்று உண்டு. சிலிண்டருக்குள் இறுகிய பிஸ்டன். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு எங்கள் கரையில் அது ஒரு இன்ஜினில் இரண்டு இன்ஜினில் இல்லை. ஆழிப்பேரலை இன்ஜின்களை மணலுக்குள் புதைத்துவிட்டுப் போனது. இறந்தவர்களைத் தேடி அடக்கம் செய்கிற நாட்களில் இன்ஜினை யார் நினைப்பார்கள்? தோண்டி எடுத்து எங்களிடம் கொண்டு வந்தபோது வாரங்கள் ஆகியிருந்தன. பெரும்பாலானவற்றில் பிஸ்டன் சிலிண்டரோடு ஒன்றாகிக் கிடந்தது. அலுமினியப் பிஸ்டனும் வார்ப்பிரும்புச் சிலிண்டரும் உப்புத் தண்ணீரில் சேர்ந்து கிடந்தால் பேட்டரி மாதிரி மின்னோட்டம் உண்டாகி அலுமினியம் கரையும். வெள்ளை மாவு மாதிரி ஒன்று இடைவெளியை அடைத்துக்கொள்ளும். அதற்கு எண்ணெய் எளிதில் இறங்காது. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபோதும் அதே கதை, அளவில் சிறியது.

பிஸ்டன்மேல் மரக்கட்டை வைத்துச் சம்மட்டியால் அடித்தால் நடுவில் ஓட்டை விழும், ஓரம் அசையாது. நான் நம்புவது கிரீஸ் கன்னை. எண்ணெயில் ஊற வைத்து, சிலிண்டருக்குள் கிரீஸை நிரப்பி, ஹெட்டை மறுபடி பூட்டி, வால்வு மூடியிருக்கிறதா என்று உறுதி செய்து, இன்ஜெக்டர் இருந்த துளையில் ஒரு நிப்பிள் பொருத்தி, கையால் அடிக்கிற கிரீஸ் கன்னால் மெதுவாக அழுத்த வேண்டும். 80 மில்லிமீட்டர் பிஸ்டனின் முகப்பரப்பு சுமார் 50 சதுர சென்டிமீட்டர். அதில் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ அழுத்தம் கொடுத்தாலே ஐந்து டன். கையால் அடிக்கிற கன் அந்த அழுத்தத்தைத் தரும். அந்த ஐந்து டன்னும் எங்கேயும் குத்தாமல் பிஸ்டன் முகம் முழுக்கச் சமமாக இறங்குகிறது. உள்ளே காற்று சிக்கியிருக்கக் கூடாது. காற்று அமுங்கித் தெறிக்கும், கிரீஸ் தெறிக்காது. எதிர்ப்பு திடீரென்று குறைந்து கன்னின் பிடி இலேசாகும்போது தெரிந்துகொள்ளலாம், பிஸ்டன் நகர்ந்துவிட்டது. ஆழிப்பேரலை வருஷத்தில் இந்த முறையில் உயிர்பிழைத்த இன்ஜின்கள் சில இன்னும் நரம்பைப் பக்கம் ஓடுகின்றன.

எல்லாமே பிழைக்காது. சிலிண்டரில் உப்புத் தின்ற குழி ஆழமாக இருந்தால் விட்டுவிட வேண்டும், அதைச் சொல்ல மெக்கானிக் தயங்கக் கூடாது. ஆனால் பிழைக்கக் கூடியதையும் அவசரத்தில் உடைத்துக் காயலான் கடையில் கிலோவுக்கு எடை போடுவது எனக்குத் தாங்காது. சென்னைப் புதுப்பேட்டையில் தேடினால்கூடப் பழைய மாடலுக்கு நல்ல பிளைவீல் எப்போதும் கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது. கடன் வாங்கி இன்ஜின் எடுத்த குடும்பத்துக்கு அந்த இரும்புதான் சொத்து.

படகு வைத்திருப்பவர்களுக்கு எங்கள் பட்டறையிலிருந்து சொல்ல வேண்டியது இரண்டு. இன்ஜின் கடலில் மூழ்கிவிட்டால் எடுத்து வெயிலில் காய வைக்காதீர்கள். காற்றுப் பட்ட பிறகுதான் துரு வேகம் எடுக்கும். உடனே நல்ல தண்ணீரில் உள்ளும் புறமும் கழுவி, இன்ஜெக்டரைக் கழற்றி, சிலிண்டருக்குள் டீசலும் ஆயிலும் விட்டுக் கையால் சுற்றி விடுங்கள். மெக்கானிக் வர நேரமாகும் என்றால் நல்ல தண்ணீர்த் தொட்டியிலேயே முழுக்கி வைத்திருங்கள். இரண்டாவது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம் வருகிறது. தடை பொருந்தாத ஃபைபர் படகுக்காரர்களும் அந்த நாட்களில் ஒரு வாரத்தை இன்ஜினுக்கு ஒதுக்குங்கள். பிளைவீலைக் கழற்றி, சரிவைத் துடைத்து, சீலைப் பார்த்து, அளவாக இறுக்கிப் பூட்டுங்கள். வருஷம் ஒருமுறை கழன்ற சக்கரம் மறு வருஷமும் கழலும்.